மரத்தை வெட்டாத ஊருக்கு வருஷா வருஷம் பணம்!
கென்யா மீனவர்களின் 'காற்று வியாபாரம்'. கிடைத்த காசில் குடிதண்ணீர், பள்ளிக்கூடம்

மரத்தை வெட்டி விற்றால் காசு வரும். இது ஊரறிந்த சங்கதி. வெட்டாமல் சும்மா விட்டால் காசு வருமா?

"வரும்" என்று கணக்கோடு காட்டியிருக்கிறார்கள், ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டைச் சேர்ந்த 2 மீனவ கிராமத்து மக்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சேற்றுக்குள் காடு

கென்யாவின் துறைமுக நகரம் மொம்பாசா. அங்கிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் காசி விரிகுடா. (கங்கைக் கரைக் காசி அல்ல, இது வேறு காசி!) அதன் கரையில் காசி, மக்கோங்கேனி என்று 2 கிராமங்கள்.

ஊரை ஒட்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் அலையாத்திக் காடு. நம்ம பிச்சாவரத்தில் படகில் போகும்போது, தண்ணீரில் காலை ஊன்றிக்கொண்டு நிற்குமே சுரபுன்னை, அந்த இனம் அங்கேயும் உண்டு.

மீன் குஞ்சும் நண்டும் இறாலும் வளருவது இந்த வேர்களுக்குள்தான். காடு போனால் வலை காலி.

கோடரி புகுந்தது

1970-களில் செங்கல், சுண்ணாம்புச் சூளைகளுக்காக இந்த மரங்களை வெட்டித் தள்ளினார்கள். வீட்டுக்குக் கம்பு, அடுப்புக்கு விறகு என்று ஊர்க்காரர்களும் கை வைத்தார்கள். சில இடங்களில் வெறும் சேறுதான் மிஞ்சியது.

1990-களில் கென்யா கடல், மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் கிராம மக்களும் சேர்ந்து மறுபடியும் கன்று நட்டார்கள்.

நட்டால் போதுமா? காவலுக்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். யார் கொடுப்பது?

ஒரு டன்னுக்கு ஒரு சீட்டு

இங்கேதான் புது யோசனை பிறந்தது. லாரி, விமானம், தொழிற்சாலை எல்லாம் கக்கும் கரியமில வாயு உலகத்தைச் சூடாக்குகிறது. மரம் அதை இழுத்துக்கொள்கிறது. அலையாத்தி மரம் தன் உடம்பில் மட்டும் அல்ல, காலடிச் சேற்றிலும் அந்தக் கரியைப் பூட்டி வைக்கிறது. காற்றுப் புகாத சேறு ஆனதால் உதிர்ந்த இலையும் வேரும் லேசில் மக்குவது இல்லை.

காட்டைக் காப்பாற்றுவதால் எத்தனை டன் வாயு மிச்சம் என்று அளக்கிறார்கள். ஒரு டன்னுக்கு ஒரு சீட்டு. இதன் பெயர்தான் 'கார்பன் கிரெடிட்'. தாங்கள் விட்ட புகைக்குப் பரிகாரமாக வெளிநாட்டுக் கம்பெனிகளும் தனி ஆட்களும் இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இப்படி 2013-ம் ஆண்டு தொடங்கியதுதான் 'மிகோகோ பமோஜா' திட்டம். சுவாகிலி மொழியில் 'அலையாத்தி, ஒன்றாக' என்கிற பொருளில் வைத்த பெயர். பரப்பு 117 ஹெக்டேர். காலம் 20 ஆண்டுகள். காடு அரசாங்கத்துக்குச் சொந்தம். காவல் பொறுப்பு ஊர்ச் சங்கத்துக்கு.

பிரித்தால் டீக்காசு

ஆண்டுக்குச் சுமார் 3 ஆயிரம் டன் சீட்டு. ஆரம்ப ஆண்டுகளில் இதற்குக் கிடைத்தது 12 ஆயிரம் முதல் 15 ஆயிரம் டாலர்.

2 ஊரிலும் சேர்த்து 5 ஆயிரம் பேருக்கு மேல். தலைக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 3 டாலர்கூடத் தேறாது. நாலு நாள் டீக்காசு!

ஆகவே பிரிக்கவில்லை. காவல், நடவுச் செலவு போக மீதியை என்ன செய்வது என்று ஊர் கூடி முடிவு செய்தது. குடிதண்ணீர் வந்தது. பள்ளிக்கூடம் பழுது பார்க்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் புத்தகம் வந்தது. 2017-ம் ஆண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்குவேட்டர்' பரிசும் வந்தது.

திருடினால் ஊர்க்காசு போச்சு

"மரம் வெட்டாதே" என்றால் அடுப்பு எரிய வேண்டாமா? அதற்குத்தான் வேறு இடத்தில் சவுக்கு நட்டார்கள்.

திருட்டு வெட்டு அடியோடு ஒழிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பு வெட்டியவன் திருடியது சர்க்கார் மரம். பார்த்தவன் பேசாமல் போனான். இன்று மரம் குறைந்தால் சீட்டு குறையும். அதாவது அவன் கை வைப்பது ஊர்க் குழாயில்!

இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சீட்டு வாங்கிவிட்டேன் என்று பணக்காரக் கம்பெனி புகையைக் குறைக்காமல் இருந்தால், மீனவன் காத்த காடு அவன் பாவத்துக்கு மூடி ஆகிவிடும். விலை சொல்வதும் வெளிநாட்டுச் சந்தைதான். வாங்குவோர் கையை விரித்தால் காவல்காரர் சம்பளத்துக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. இருந்தாலும் அதே கடற்கரையில் தெற்கே உள்ள வங்கா பகுதி மக்களும் இதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் போட்ட கணக்கு எந்தக் கடைக்காரருக்கும் புரியும். வெட்டினால் காசு ஒரு தடவை. விட்டுவைத்தால் வருஷா வருஷம். வலைக்கு மீன் தனி!