உல்லன் நூலில் ஜப்பான் பொம்மை: பின்னி விற்கிற பெண்கள் கவனத்துக்கு!

சீவலப்பேரி:-

ஸ்கூல் பையிலும், சாவிக்கொத்திலும் விரல் அளவு முயலும் கரடியும் தொங்குவதைப் பார்த்திருப்பீங்க. உல்லன் நூலில் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த பொம்மை. ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் 'அமிகுருமி'. 'அமி' என்றால் பின்னல். 'நுய்குருமி' என்றால் பஞ்சு பொம்மை. இரண்டும் சேர்ந்துதான் இந்தப் பெயர்.

பெயர்தான் புதுசு. நெல்லைச் சீமைக்குக் கைப்பின்னல் புதுசு இல்லை. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலிசா, 19-ம் நூற்றாண்டிலேயே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தவர். 2016-ல் சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' பெண்கள், 11 ஆயிரத்து 148 சதுர மீட்டரில் குரோஷா போர்வை பின்னி கின்னஸில் ஏறினார்கள்.

6, 12, 18...

வேலை ஒரு சின்ன வளையத்தில் தொடங்குகிறது. அதில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 12. அதற்கடுத்து 18. வேண்டிய அகலம் வந்ததும் கூட்டாமல் அப்படியே சுற்றிச் சுற்றிப் போனால் கிண்ணம் மாதிரி எழும்பும். பிறகு இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் குறைக்கணும். வாய் மூடுவதற்குள் பஞ்சை அடைத்துவிடணும். சுற்று எங்கே தொடங்கியது என்பது மறந்துபோகும். முதல் கண்ணியில் ஒரு ஊக்கு குத்தி வையுங்க.

நூலுக்குச் சொன்ன ஊசியைவிட ஒரு அளவு சின்னதாக எடுப்பதுதான் சூட்சுமம். பின்னல் இறுகினால்தான் பஞ்சு வெளியே தெரியாது. இலவம் பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டி தட்டிவிடும். தலையணைக்கு அடைக்கிற பாலியெஸ்டர் பஞ்சு போதும். கைக்குழந்தைக்கு என்றால் கண்ணுக்குப் பட்டனோ மணியோ வைக்கவே கூடாது. பிய்த்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கருப்பு நூலால் தைத்துவிடுங்க.

ஸ்வெட்டருக்கு மிஷின் உண்டு. குரோஷாவுக்கு இன்றுவரை கைதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகினவர்கள், பொம்மைக்கு மட்டும் நூல் விலையை வைத்து விலை சொல்கிறார்கள். அது சரியில்லை. உட்கார்ந்த நேரத்துக்கும் காசு போட்டுத்தான் சொல்லணும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் பின்னுகிறவர்கள் அதற்கு எங்கே போவது? இதற்கு விலக்கு இருக்கு. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர், தானே செய்து தானே விற்கிற பொம்மைக்கு முத்திரை தேவையில்லை. கடைக்காரர் கேட்டால் காட்ட கைவினைஞர் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே விண்ணப்பித்து வையுங்க.