குறை கேட்கும் முறை

ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், பயிற்சி அளித்தல், ஊதியமும் விடுப்பும் கவனித்தல், ஒழுங்கைக் காத்தல் ஆகிய பணிகளைச் செய்யும் பிரிவை இன்று மனிதவளத் துறை என்கிறோம். அத்துறையினர் கற்க வேண்டியவை பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பணியாளர் கூறும் குறையை எப்படிக் கேட்பது என்பதே அது. நான் ஆலை நடத்தியவன் அல்லேன். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் பல இயல்பினரான ஆசிரியர்களை ஒன்றுசேர்த்துப் பள்ளி நடத்துவதும் இதனோடு ஒத்த வேலையே.

அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்து, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு உரிய ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் இடம் அது. அங்கே 1924-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தொழிலாளரைப் பற்றிய ஆராய்ச்சிகள் நடந்தன. அவற்றின் ஒரு பகுதியாக, 1928 முதல் 1930 வரை 20,000-க்கு மேற்பட்டோரைத் தனித்தனியே பேட்டி கண்டார்கள். முதலில் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். தொழிலாளரோ அக்கேள்விகளை விட்டுத் தம் மனத்தில் இருந்ததையே பேச விரும்பினார்கள். ஆகவே பட்டியலைக் கைவிட்டு, அவர்களைத் தம் போக்கில் பேசவிட்டார்கள். அரைமணியில் முடிந்துவந்த பேட்டி ஒன்றரை மணி வரை நீண்டது. மேற்பார்வையாளர் ஒருவரை வெறுத்த ஒரு பெண், தான் வெறுத்த மாற்றாந்தந்தையின் சாயலை அவரிடம் கண்டதே காரணம் என்பதைப் பேசும்போது தானே உணர்ந்தாள் என்று, இவ்வாராய்ச்சியை விளக்கிய எல்டன் மேயோ எழுதியிருக்கிறார். வாயில் வரும் குறை வேறு, உள்ளே கிடக்கும் காரணம் வேறு என்பதை இதனால் அறிகிறோம்.

பள்ளியிலும் இதைக் கண்டேன். திறமை மிக்க ஆசிரியர் ஒருவர், "கால அட்டவணை நியாயமாக இல்லை" என்று அடிக்கடி வாதாடுவார். முதல் பாடவேளை தமக்கு வேண்டாம் என்பார். சோம்பல் என்றே மற்றவர்கள் எண்ணினார்கள். ஒரு மாலை, எல்லோரும் சென்ற பின் அவரை அமர்த்திக் கேட்டேன். படுக்கையில் கிடந்த தாயைக் காலையில் அவர் ஒருவரே கவனித்துவந்தார். துணைக்கு வரும் அம்மாள் ஒன்பது மணிக்குத்தான் வருவார். பலர் நடுவே இதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். மற்றோர் ஆசிரியரின் இசைவைப் பெற்று, இருவர் பாடவேளைகளையும் மாற்றி அமைத்தேன். ஒருவருக்குச் செய்யும் உதவியை இன்னொருவர் தலையில் கேளாமல் சுமத்தினால், ஒரு குறை தீர்ந்து மறு குறை முளைக்கும்.

இனி, நடைமுறைக்குச் சில குறிப்புகள். முதலாவது, தனியிடத்தில் கேட்க வேண்டும். இடையில் மறித்து அறிவுரை கூறலாகாது. இரண்டாவது, கேட்டு முடித்ததும், "நீங்கள் கூறுவது இதுதானே?" என்று நம் சொல்லில் எடுத்துரைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது, பிறர்மீது குற்றச்சாட்டு வந்தால், அவர் தரப்பையும் கேளாமல் முடிவு கட்டலாகாது. நான்காவது, இன்ன நாளில் விடை தருவேன் என்று சொல்லி, அந்நாளில் தவறாது தர வேண்டும். இயலாது என்பதே விடையானாலும், காரணத்தோடு கூறினால் மனிதர் பொறுத்துக்கொள்வர். மௌனத்தை அவர்கள் பொறுப்பதில்லை. ஐந்தாவது, எல்லாக் குறைகளையும் நம் அறைக்குள்ளேயே தீர்த்துவிட முயலலாகாது. பெண் பணியாளர் பாலியல் துன்புறுத்தலைப் பற்றிக் கூறினால், நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவை அணுகும் உரிமையை அவருக்கு எடுத்துரைத்து, அதற்குத் துணைநிற்க வேண்டும். சமாதானம் பேசி அனுப்புவது பெரும் பிழை.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மனம்விட்டுப் பேசியதனாலேயே பாரம் குறைவது உண்டு. அதைக் கண்டு, கேட்பதையே ஒரு தந்திரமாகக் கொள்வாரும் உளர். கூலி போதவில்லை என்பவருக்கு நம் செவி மட்டும் போதாது. அவர் கூறியதை நிர்வாகத்தின் முன் எடுத்துச் சென்று வாதாடும் துணிவும் வேண்டும். கேட்டதோடு நின்றுவிடும் அதிகாரியிடம், அடுத்த முறை எவரும் உண்மையைச் சொல்ல வரமாட்டார்கள்.