சரவிளக்குக்குப் புளி ஆகாது

மலாக்கா, ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள கம்போங் கிளிங் பள்ளிவாசலை 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் எழுப்பினர். 1872இல் அது செங்கல் கட்டடமானது. சுமத்ரா பாணிக் கூரை கொண்ட அந்தத் தொழுகைக் கூடத்தில் விக்டோரியா காலத்துச் சரவிளக்கு ஒன்று தொங்குகிறது. சிம்பாங் அம்பாட், அலோர் காஜா பக்கமிருந்து நகருக்கு வருவோர் பலர் அதை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். இப்படிப்பட்ட விளக்குகள் ஏன் அப்படி மின்னுகின்றன?

1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற லண்டன் வணிகர் ஒரு புதுவகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அது நாளடைவில் நுண்ணிய விரிசல் விட்டு மங்கியது. அந்தக் குறையைப் போக்க அவர் ஈய ஆக்சைடைச் சேர்த்தார். கண்ணாடி உறுதிப்பட்டதோடு, கூடுதலாக ஒளிரவும் தொடங்கியது.

காரணம் எளிது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. ஈயம் மிகுந்தால் அது 1.6 வரை உயரும். அப்போது உள்ளே நுழைந்த ஒளி எளிதில் வெளியேறாமல் பட்டைக்குப் பட்டை எதிரொளித்துத் திரும்புகிறது. நிறப்பிரிகையும் அதிகம் என்பதால் வெண்ணொளி வானவில்லாகச் சிதறுகிறது. ஈயக் கண்ணாடி மென்மையானது என்பதால் பட்டை தீட்டுவதும் சுலபம். ஒரு மெழுகுவத்திச் சுடர் நூறு சுடராகத் தெரிவது இதனால்தான். ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து வந்தால்தான் இந்த மினுமினுப்பு கிடைக்கும். பால் நிற பல்பை மாட்டினால் பாதி அழகு போய்விடும்.

பிரிட்டனில் 1745இல் கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி விதித்தார்கள். 1845இல் அது நீங்கியதும் பெரிய பெரிய சரவிளக்குகள் பெருகின. பெர்மிங்ஹாமின் ஆஸ்லர் நிறுவனம் இந்திய அரண்மனைகளுக்கும் விளக்குகளை அனுப்பியது.

பல ஐரோப்பிய விளக்குகளில் கண்ணாடியைத் தாங்குவது பொன்முலாம் பூசிய வெண்கலம். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, அந்தக் களியை வெண்கலத்தின் மேல் தடவிச் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்கள் நடுக்கத்துக்கும் அகால மரணத்துக்கும் ஆளானார்கள். 1840இல் எல்கிங்டன் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே அந்த ஆபத்து குறையத் தொடங்கியது.

இத்தனை விலை கொடுத்துப் பூசிய தங்கம் மிக மெல்லிய படலம்தான். இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் ஆபத்தாகிறது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் மேலே படிந்த களிம்பைக் கரைத்துவிடுகிறது, அடியில் இருப்பதும் அதே பித்தளைதான். முலாம் பூசிய வெண்கலத்தில் அப்படியல்ல. தேய்க்கத் தேய்க்கத் தங்கம் உதிரும், நுண்துளைகள் வழியே அமிலம் வெண்கலத்தை அரிக்கும். போன தங்கம் திரும்பாது.

அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவு நீரும் செம்புக் கலவைகளுக்குப் பகை. அது பட்டால் தொங்கல்களைப் பிடித்திருக்கும் பித்தளைக் கம்பிகளில் விரிசல் விழக்கூடும். மலாக்கா போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரத்தோடு உப்பும் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு வெண்கலத்தில் புகுந்தால் வெளிர்பச்சைத் தூள் பூத்துக்கொண்டே போகும்.

கோயிலிலோ பள்ளிவாசலிலோ பழைய வீட்டிலோ இத்தகைய விளக்கு இருந்தால், முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். முலாம் பூசிய பகுதியில் மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். கண்ணாடியை, வடிநீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். விளக்கின் மீது எதையும் நேரடியாகத் தெளிக்க வேண்டாம். கண்ணாடியைவிடக் கம்பியும் கொக்கியுமே முதலில் தளரும் என்பதால், அவற்றை ஆண்டுக்கொரு முறையாவது சோதித்துவிடுங்கள்.