விஞ்ஞானம் படித்தவருக்குச் சட்டத்துறையில் ஓர் இடம்

உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் என்னிடம் உறவினர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "டொக்டருக்கா மகள் படிக்கிறீங்க?" யாழ்ப்பாணத்தில் இக்கேள்வியைக் கேட்காத விஞ்ஞான மாணவி இருக்க மாட்டாள். மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் படித்ததெல்லாம் வீண் என்று பலர் மனமுடைந்து போகிறோம். அந்தப் படிப்பு வீண்போகாத ஒரு துறையை இங்கே விளக்க விரும்புகிறேன். அதுதான் ஆக்கவுரிமைச் சட்டம். பேட்டன்ட் என்றால் பலருக்கும் விளங்கும்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை முழுமையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அவருடைய அனுமதியின்றி வேறெவரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாதபடி அரசு உரிமை வழங்குகிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இவ்வுரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குரியது. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அத்துறை தெரிந்தவருக்கு இலகுவில் தோன்றாததாக இருக்க வேண்டும். கைத்தொழிலில் பயன்படக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

ஒன்று புதியதா, பழையதா என்று சொல்ல விஞ்ஞானம் தெரிய வேண்டும். காயத்துக்கு மஞ்சள் வைப்பது நம் உம்மம்மாமார் அறிந்த கைமருந்து. ஆனால் 1995இல் அமெரிக்காவில் காயம் ஆற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. "எங்கள் முன்னோருக்கு இது தெரியும்" என்று வாயால் சொன்னால் போதாது, அச்சிட்ட சான்று வேண்டும். பழைய நூல்களும் 1953இல் இந்திய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வந்த கட்டுரையும் முன்வைக்கப்பட்டன. 1997இல் அவ்வுரிமை இரத்தானது.

அதன்பின் சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களிலுள்ள மருந்து முறைகளைப் பரிசோதகர்கள் தேடிப் பார்க்கும்படி இந்தியா ஒரு மின்னூலகத்தை அமைத்தது. சித்த நூல்கள் தமிழிலும், யுனானி நூல்கள் அறபு, பாரசீகம், உருது மொழிகளிலும் உள்ளவை. தமிழும் அறபும் படித்த விஞ்ஞான மாணவிக்கு இதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

விஞ்ஞானத்திலிருந்து இத்துறைக்கு வந்தவர்களுள் செஸ்டர் கார்ல்சன் புகழ்பெற்றவர். 1930இல் பௌதிகவியலில் பட்டம் பெற்ற இவர், நியூயோர்க்கில் ஆக்கவுரிமைப் பிரிவில் பணியாற்றியபடி இரவில் சட்டம் படித்தார். ஆவணங்களைக் கையால் பிரதி எடுத்துச் சலித்துத்தான் உலர்முறைப் பிரதியாக்கத்தை 1938இல் கண்டுபிடித்தார். கடந்தகால வினாத்தாள்களை நாம் போட்டோக்கொப்பி எடுப்பது அவரால்தான்!

இந்தியாவில் ஆக்கவுரிமை முகவராகச் சட்டப் பட்டம் தேவையில்லை. விஞ்ஞான அல்லது பொறியியல் பட்டத்துடன் அதற்கான பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இங்கே விஞ்ஞானப் பட்டத்தின் பின் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதிச் சட்டத்தரணியாகலாம். திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டம் படிக்கலாம். பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்துக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம்.

இது குறுக்குவழி அல்ல. இரண்டு துறைகளையும் படிக்க மேலும் சில ஆண்டுகள் செல்லும். ஆங்கிலத்தில் நீண்ட ஆவணங்களை வாசிக்கும் பொறுமையும் வேண்டும். ஆகவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: பெறுபேறு வரும் நாளில் "மருத்துவம் கிடைத்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "படித்ததைக் கொண்டு வேறு என்ன செய்யலாம்?" என்றும் மகளுடன் அமர்ந்து பேசுங்கள்.