இரும்பு உருகுகிறது, உலை ஏன் உருகவில்லை?

பொற்கொல்லர் தங்கத்தை மூசையில் போட்டு உருக்குகிறார். தங்கம் உருகுகிறது. மூசை உருகுவது இல்லை.

இரும்பு ஆலையிலும் ஒரு மூசை உண்டு. அதன் உயரம் எவ்வளவு தெரியுமா? பத்து மாடிக் கட்டிடத்தின் உயரம்! அதற்கு "ஊது உலை" என்று பெயர். ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலையில் முதல் ஊது உலை 1911-ம் ஆண்டு டிசம்பரில் மூட்டப்பட்டது. பிலாய் ஆலையின் முதல் உலை 1959-ல் எரியத் தொடங்கியது.

உலையின் தலை வழியாக இரும்புக் கல், கற்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைக் கொட்டுகிறார்கள். கீழே, சுற்றிலும் உள்ள குழாய்களின் வழியாகச் சூடான காற்றை ஊதுகிறார்கள். காற்றின் சூடே 1,000 டிகிரிக்கு மேல்! குழாயின் வாயில் 2,000 டிகிரியையும் தாண்டும். அடியில் தேங்கும் இரும்புக் குழம்பின் சூடு சுமார் 1,500 டிகிரி.

உலையின் வெளிச்சுவரோ எஃகுத் தகடு. எஃகும் இரும்பின் பிள்ளைதானே! குழம்பு தொட்டால் தகடு நிற்குமா? நிற்காது. தகட்டையும், வெளியே வேலை செய்யும் ஆட்களையும் காப்பது உள்ளே இருக்கும் செங்கல் சுவர்தான்.

வீட்டுச் செங்கல் உதவாது

வீடு கட்டும் செங்கல் இந்தச் சூட்டில் இளகிவிடும். ஆகவே, வெப்பம் தாங்கும் தனிக் களிமண்ணில் செங்கல் அறுக்கிறார்கள். அதோடு, ஏற்கனவே சுட்ட களிமண்ணையும் இடித்துக் கலக்கிறார்கள். வெறும் மண்ணாக இருந்தால், சுடும்போது சுருங்கி வெடித்துவிடும்.

சூடு ஒன்றுதான் எதிரி என்று நினைக்க வேண்டாம். மேலே இருந்து விழும் கல்லும் கரியும் சுவரைத் தேய்க்கின்றன. உலைக்குள் ஓடும் கரிப்புகை செங்கல்லின் துளைகளில் நுழைகிறது. களிமண்ணில் கடுகளவு இரும்புத் தூள் இருந்தால் போதும், புகையில் உள்ள கரி அதன்மேல் படிந்து வளரும். ஆல விதை சுவரைப் பிளப்பது போல, உள்ளிருந்தே செங்கல்லைப் பிளந்துவிடும்!

கரியால் ஒரு தொட்டி

உலையின் அடியில், குழம்பு தேங்கும் இடத்தில், பெரிய பெரிய கரிப் பாளங்களை அடுக்குகிறார்கள். "கரியா? எரிந்து போகாதா?" என்று கேட்பீர்கள். எரிவதற்குக் காற்று வேண்டும். ஊதிய காற்று மேலேயே கற்கரியோடு சேர்ந்து தீர்ந்துவிடுகிறது. காற்று படாத கரி 3,000 டிகிரியிலும் உருகாது.

இன்னொரு காரணமும் உண்டு. உப்பு நிறையக் கரைந்த தண்ணீரில் மேலும் உப்பைப் போட்டால் கரையாது அல்லவா? அதுபோல, இந்த இரும்பில் ஏற்கனவே நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் கரி கரைந்திருக்கிறது. ஆனால் வயிறு முழுவதும் நிரம்பவில்லை. ஆகவே, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை அரித்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் காக்கும், தண்ணீரே கொல்லும்

காகிதக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி விளக்கின்மேல் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சுடும், காகிதம் எரியாது. இதே வித்தைதான் உலையிலும். கரிப் பாளத்தின் பின்னால் இரவும் பகலும் தண்ணீர் ஓடுகிறது. சூடு வெளியே இழுக்கப்படுவதால், சுவரை ஒட்டிய குழம்பு உறைந்து, தோசைக்கல்லில் மாவு ஒட்டியது போல நிற்கிறது. எனக்கு இதுதான் பெரிய அதிசயம். உலை தனக்குத் தானே ஒரு சட்டை தைத்துக்கொள்கிறது!

அந்தத் தண்ணீர் உள்ளே கசிந்தால்? இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில், போர்ட் டால்பட் என்ற ஊரில் 2001-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி அதுதான் நடந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து வெடித்தது. சுமார் 5,000 டன் எடையுள்ள உலை, இருந்த இடத்தைவிட்டு முக்கால் மீட்டர் மேலே எழும்பியது. தொழிலாளர் மூன்று பேர் இறந்தார்கள்.

எனவே, சுவருக்குள் ஏராளமான வெப்பமானிகளைப் புதைத்து வைக்கிறார்கள். ஓர் இடத்தில் சூடு ஏறினால், அங்கே சுவர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஊதும் காற்றைக் குறைப்பார்கள். டைட்டானியம் கலந்த தாதுவையும் கொட்டுவார்கள். அது கரியோடு சேர்ந்து, மெலிந்த இடத்தில் கெட்டியாகப் படியும். அத்தகைய தாதுதான் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட்.

சேலம் சுண்ணாம்புக்கரட்டின் வெள்ளைக்கல்லும் உலைச் செங்கல் ஆகிறது. ஆனால் அது பெரும்பாலும் அடுத்த கட்டமான எஃகு உலைக்குப் போகிறது.

எப்படிக் காத்தாலும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் சுவர் ஓய்ந்துவிடும். அப்போது உலையை அணைத்து, பழைய செங்கலை உடைத்து, புதிதாகக் கட்டுகிறார்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். பாளங்களுக்கு இடையே தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் ஆபத்துதான். குழம்பு அதில் வழி தேடிக்கொள்ளும்.

கட்டி முடித்ததும் மூட்டிவிட முடியாது. புது மண் அடுப்பில் உடனே தீ மூட்டினால் விரிசல் விடும் என்பது நம் பெண்களுக்குத் தெரியும். அதேபோல, நாள்கணக்கில் மெல்ல மெல்லச் சுடுகாற்றைச் செலுத்தி ஈரத்தை உலர்த்துகிறார்கள். பிறகுதான் கற்கரியை நிரப்பி, தீ மூட்டுகிறார்கள்.