கப்பல் எங்கே நிற்கிறது? கவர் சொல்லாது!

எங்கள் ஊர் ராயகிரிக்கு மேற்கே மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால், போர்க்கப்பல்களின் தபால் உறைகளைச் சேகரிக்கக் கடற்கரையில் குடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடற்படையில் வேலை பார்த்தவர் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலேயே நல்ல உறை கிடக்கலாம்.

கப்பலில் இருப்பவருக்கு எழுதும் முகவரியே தனி ரகம். பெயர், பதவி, கப்பலின் பெயர். அதற்குக் கீழே ‘ஃப்ளீட் மெயில் ஆபீஸ், மும்பை’ அல்லது விசாகப்பட்டினம். கப்பல் அந்தமானில் நின்றாலும் அரபிக்கடலில் நின்றாலும் முகவரி மாறாது. ராணுவத்தினருக்கு 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக முகவரிகள் இருப்பதுபோலத்தான். கடிதம் ஆளைத் தேடிப் போகும்; ஆள் எங்கே என்பது வெளியே தெரியாது.

அமெரிக்காவில் கதை வேறாகத் தொடங்கியது. போர்க்கப்பலுக்குள்ளேயே தபால் நிலையம் நடத்த 1908-ல் சட்டம் வந்தது. வட்ட முத்திரையில் கப்பலின் பெயர் இருக்கும். பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே, கப்பல் நின்ற துறைமுகத்தின் பெயரையும் சில சமயம் கோத்து அடிப்பார்கள். சேகரிப்பாளர்களுக்குக் கொண்டாட்டம்! அவர்களுக்கென்று 1932-ல் ஒரு சங்கமே உருவானது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் முத்திரையிலிருந்து கப்பலின் பெயர் காணாமல்போனது. பிரிட்டன் ‘மாரிடைம் மெயில்’ என்று பொதுவாக அடித்து அனுப்பியது. எதிரிக்கு ஓர் உறைகூடத் துப்பு ஆகிவிடலாம் என்ற பயம்.

அந்தப் பயத்தையே ஆயுதமாக்கியவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என்.கிருஷ்ணன். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரின்போது கிழக்குக் கடற்படைப் பிரிவின் தளபதி. விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்தை வேட்டையாட ‘காஸி’ நீர்மூழ்கியை அனுப்பியிருந்தது பாகிஸ்தான். விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, பழைய ராஜ்புத் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அருகே விக்ராந்தாக நடிக்கவைத்தார். நடிப்பின் ஒரு பகுதியாக, சங்கேதம் இல்லாத ஒரு தனிப்பட்ட தந்தியும் போனது. விக்ராந்தின் மாலுமி ஒருவர், உடம்பு சரியில்லாத தன் தாயைப் பற்றி விசாரிப்பதாக அதன் வாசகம். டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளும் இன்றும் ஒத்துப்போவதில்லை.

நெல்லைச் சீமையிலும் கடற்படைக்கு ஒரு ‘கப்பல்’ உண்டு. நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் 1990 அக்டோபர் 20-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன். கரையிலுள்ள நிலையங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பது கடற்படை வழக்கம். நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்புவது இதன் வேலை. சேகரிப்பில் இத்தகைய கரைநிலைய உறைகளுக்கும் இடம் உண்டு.

புதிதாகத் தொடங்குபவர்கள், ஒரு கப்பல் கடற்படையில் சேரும்போதும் ஓய்வுபெறும்போதும் வெளியாகும் சிறப்பு உறைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். ராணுவ அஞ்சல் பிரிவு வெளியிடுபவை இவை. புதிய தபால்தலைகள் வீட்டுக்கே வர, அஞ்சல் துறையின் பிலாட்டலி டெபாசிட் கணக்கு இருக்கிறது.

பழைய உறை கிடைத்தால் தபால்தலையை மட்டும் கத்தரித்து எடுக்காதீர்கள். கப்பலின் ரப்பர் ஸ்டாம்ப், தேதி முத்திரை, சென்சார் குறி, அனுப்பியவர் முகவரி எல்லாம் சேர்ந்ததுதான் உறை. லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். குறிப்பு எழுதுவதானால் தனித்தாளில் எழுதுங்கள்.

பிறகு தேதியை எடுத்துக்கொண்டு கடற்படை வரலாற்றைப் புரட்டுங்கள். அன்று அந்தக் கப்பல் எந்தக் கடலில் இருந்தது, ஏன் அங்கே போனது என்று தேடுங்கள். உறை மறைத்த இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தச் சேகரிப்பின் ருசி இருக்கிறது. அழகாக அச்சடித்த நூறு கவர்களைக் காசு கொடுத்து வாங்கினாலும் அது கிடைக்காது.