நாய்க்குட்டி வியாபாரமும் காரைக்கால் நகராட்சியும்

பிரான்ஸ் தேசத்தில் 2024 ஜனவரி 1-ந் தேதி முதல் கடைகளில் நாயும் பூனையும் விற்பது தடுக்கப்பட்டுவிட்டது. 2021 நவம்பரில் அங்கே இயற்றிய சட்டத்தின் பலன் அது. 1954 வரையில் அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த காரைக்காலில் நிலைமை எப்படி?

நம் தேசத்தில் விதிகளுக்குக் குறைவில்லை. நாய்களை இனவிருத்தி செய்து விற்போருக்கு 2017-ஆம் வருஷத்திலும், பிராணிக் கடைகளுக்கு 2018-ஆம் வருஷத்திலும் இந்திய சர்க்கார் தனித்தனியே விதிகள் வகுத்திருக்கிறது. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. 18 மாதமாகாத பெட்டையை ஈனவைக்கலாகாது. பிராணிநல வாரியத்தில் பதிவு செய்யாமல் தொழில் நடத்தவே கூடாது. இவை வீண் கெடுபிடிகள் அல்ல. பால்குடி மறவாத குட்டியைத் தாயிடமிருந்து பறித்துக் கூண்டிலடைத்து நெடுந்தூரம் கொண்டுவந்தால் அது நோய்வாய்ப்படாமல் என்ன செய்யும்? வாங்கியவர் வீட்டில் நாலாம் நாள் கழிச்சல் கண்டு படுத்துவிடும். பணம் போவதோடு குழந்தைகளின் அழுகையும் மிச்சம்!

விதியை மீறினால் தண்டனை என்ன? மூலச் சட்டம் 1960-இல் பிறந்தது. பிராணியை வதைத்தவனுக்கு, முதல் குற்றமாயின், அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையில்தான். ஒரு குட்டியை ஆயிரக்கணக்கில் விலைபேசும் வியாபாரிக்கு இது வெற்றிலைச் செலவு. ஆகையால் அபராதத்தை நம்பிப் பயனில்லை. கடை திறக்கும் வாசலிலேயே தடுக்க வேண்டும்.

அந்த வாசலில் நிற்பது நகராட்சி. வியாபார லைசென்ஸ் கொடுப்பது அதுவே. மேலதிகாரமோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில் இருக்கிறது. சுற்றிலும் தமிழ்நாட்டு ஜில்லாக்கள். எல்லை தாண்டிக் கூடையில் வரும் குட்டியின் பூர்வோத்தரத்தை இங்கே கேட்பவர் யார்? 1968-க்குப் பின் 2006-இல்தான் இவ்வூர் நகரசபைக்குத் தேர்தல் நடந்தது. அச்சபையின் ஆயுளும் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோயிற்று. ஜனங்களின் பிரதிநிதிகள் இல்லையென்பதற்காக நகராட்சியின் கடமையும் இல்லாமற் போய்விடுமா?

கடைக்காரர் எவரையும் நாம் குற்றஞ்சாட்டவில்லை. யோக்கியமாகத் தொழில் செய்பவருக்குச் சான்று கேட்பதால் நஷ்டமுமில்லை. லைசென்ஸுக்கு வரும் ஒவ்வொரு பிராணிக் கடையிடமும் வாரியத்தின் பதிவுச் சான்றையும், குட்டிகள் யாரிடமிருந்து வந்தன என்ற கணக்கையும் நகராட்சிக் கமிஷனர் கேட்கட்டும். மாதம் ஒருமுறை கால்நடை வைத்தியர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் செய்யட்டும்.